பிராணி என்றால் பூச்சி

வெள்ளை பிளாஸ்டிக் பேசினுக்குள், நெல்மணியைவிடச் சற்றே பெரிய ஓர் உயிர் தன் வாலை அசைத்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஊராட்சிக் குழுவினரும், தேயிலைத் தோட்டத்துப் பெண்களும், மலைவிடுதி ஒன்றின் பிரதிநிதியும் குனிந்து நின்றார்கள். நான் மட்டும் நிமிர்ந்து நின்றேன். குனிந்து பேசுகிறவனுக்குக் குரல் வயிற்றிலிருந்து எழாது என்பது மேடைப் பயிற்சியின் முதற்பாடம்.

“அவையோரே!” என்று தொடங்கினேன்.

அவை என்று நான் அழைத்தது, மூணாற்றுக்கு மேலே, ஒரு தோட்டத்து ஆற்றின் நடுவில், பாசி படிந்த பாறைகளின்மேல் வழுக்கி விழாமல் நிற்பதையே பெரும்பாடாகக் கொண்டிருந்த அந்தச் சிலரைத்தான். ஆற்றின் இரைச்சல் ஓயாத கைத்தட்டலைப் போலவே இருந்தபடியால் என் உற்சாகத்துக்குக் குறைவில்லை.

குழுவின் தலைவி லீலாம்மா டீச்சர் கையை உயர்த்தித் தடுத்தார். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. “மோனே, பிரசங்கம் பின்னே. இதுக்கு வாலு எத்ர? அது சொல்லு.”

“இரண்டு!” என்றேன், இல்லாத கடைசி வரிசைக்கும் கேட்கும் குரலில். “இரண்டே இரண்டு!”

அந்தச் சொல்லோடு, ஒரு தொழிலாளர் லயத்துக் குடும்பங்களின் குடிநீர் ஆற்றோடு போகப் பார்த்தது. எப்படி என்று விளக்குவதற்கு முன், நான் அந்தப் பாறைக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். நான் ‘முன்’ என்று தொடங்கினால் ‘பின்’ வருவதற்கு நெடுநேரம் ஆகிறது என்று இத்தொடரின் வாசகர்கள் சிலர் குறைபட்டு எழுதுகிறார்கள். அது குறையன்று, பயிற்சி.

குழாய் வாய்

ராஜாத்தி அக்கா அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பட்டிமன்றம் பேசப் போனபோது பழக்கம். ‘இல்லறத்தில் இனிமை சேர்ப்பது பேச்சா, மௌனமா?’ என்பது தலைப்பு. நான் மௌனத்தின் அணி. நடுவர் மணியடித்தும், ஒலிபெருக்கிக்காரர் கம்பியைப் பிடுங்கியும், மௌனத்தின் பெருமையை நான் சொல்லி முடிக்கவில்லை. அன்றே என் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டார் அக்கா. ஒரு நாள் உதவும் என்று அவருக்குத் தோன்றியதாம்.

அந்த நாள், மழைக்காலம் ஓய்ந்து மலையெல்லாம் நனைந்த கோணியைப் போல மணத்துக்கொண்டிருந்த ஒரு மாதத்தில் வந்தது. குரல்பதிவு ஒன்று அனுப்பியிருந்தார்.

“தம்பி, நல்லாருக்கீகளா? நம்ம ஆத்துல ஜலபிராணி நிர்ணயம்னு பஞ்சாயத்துல நோட்டீஸ் ஒட்டிருக்காக. அந்த ரிசார்ட்டு பக்கம் பேசப் படிச்ச ஆளு வருதாம். நம்ம பக்கம் வாயத் தொறக்க ஆளில்ல. கொழாய் வாயி விசயம் தம்பி. நீங்க வந்தே ஆவணும்.”

‘குழாய் வாய்’ என்றதும் நான் ஒலிபெருக்கி என்று புரிந்துகொண்டேன். என் தொழிலில் குழாய்க்கு வேறு பொருள் கிடையாது. ஆனால் அக்கா சொன்னது மெய்யான குழாயை.

தோட்டத் தொழிலாளர் வரிசையாக வாழும் வீடுகளுக்கு லயம் என்று பெயர். அக்காவின் லயத்துக்குக் குடிநீர், ஆற்றில் வாய்வைத்த ஒரே ஒரு குழாயின் வழியே வருகிறது. அந்த வாய்க்கு மேலே, விருந்தினர் தின்பதற்காக, விடுதியொன்று சிமென்ட் தொட்டி கட்டி ட்ரவுட் மீன் வளர்க்கத் தொடங்கியது. தொட்டி கழுவிய நீர், மீனின் கழிவும் மிஞ்சிய தீனியுமாக, ஆற்றில் விழுந்து நேரே குழாயின் வாய்க்குள் போயிற்று. அக்காவின் மகள் செல்விக்கு அந்த மழைக்காலம் முழுவதும் வயிறு சரியில்லை. பள்ளிக்கூடத்தைவிட மூணாற்று மருத்துவமனைக்கே அவள் அதிகம் போனாள். லயத்தில் பாதிப் பிள்ளைகளின் கதையும் அதுவே.

மனுக்கள் போயின. மனுவைத் தொடர்ந்து ஓர் அலுவலர் பாட்டிலோடு வந்தார். பாட்டில் வருகிற நாளில் தொட்டியின் மதகு மூடியிருக்கும். நீர் தூயது என்று பாட்டில் சான்றளிக்கும். மறுநாள் மதகு திறக்கும். முன்னறிவிப்போடு வரும் அமைச்சருக்கு ஊரின் சாலை எப்படித் தெரியுமோ, அப்படித்தான் அந்தப் பாட்டிலுக்கு ஆறும் தெரிந்தது.

ஒரு சொல், இரண்டு மொழி

நான் பிறந்தது பாலக்காட்டு எல்லையில், மீனாட்சிபுரத்தில். படித்தது தமிழ்வழியில். மலையாளம் காதில் விழுந்தால் விளங்கும். எழுத்தில் கண்டால் கூட்டிப் படிப்பேன். கூட்டலில் பிழை வராது, பொருளில்தான் வரும்.

அக்கா அனுப்பிய அறிவிப்பின் படத்தைக் கூட்டிப் படித்தேன். ஜலபிராணி நிர்ணயம். தமிழனுக்கு இதில் என்ன ஐயம்? பிராணி என்றால் விலங்கு. நிர்ணயம் என்றால் முடிவு செய்தல். மாநிலத்துக்கு ஒரு விலங்கு, ஒரு பறவை, ஒரு மலர் என்று அறிவிக்கிறார்களல்லவா? அந்த ஆற்றுக்கும் ஒரு பிராணியை அறிவிக்கப் போகிறார்கள் என்று முடிவு கட்டினேன். விடுதிக்காரர்கள் ட்ரவுட் மீனை முன்மொழிவார்கள். அது வெள்ளைக்காரத் துரைகள் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து விட்ட மீன். எனவே மண்ணின் பிராணியை நிறுத்துவது நம் கடமை. நீர்நாயைத் தேர்ந்தெடுத்தேன்.

பயணப் பையில் குறிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, கறவை மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

“எங்கடா கண்ணு கெளம்பிட்ட?”

“நீர்நாய்க்காகப் பேசப் போறனுங்கம்மா.”

“நம்மூட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொன்னா வாய் வலிக்குதுங்கற. ஊரா ஊட்டு நாய்க்கு மலையேறிப் போறயா?”

பெரும்பணிகள் யாவும் வீட்டில் இப்படித்தான் வரவேற்கப்படும்.

பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பேருந்து மாறி மாறி ஏறினேன். சோதனைச் சாவடியில் வண்டி நின்ற நேரமெல்லாம் உரையை உருவேற்றினேன். ‘நாய் என்று பெயர் பெற்றும் குரைக்காத நாகரிகம்! நீரில் பிறந்தும் நீர்த்துப்போகாத வீரம்!’ பக்கத்து இருக்கைக்காரர் சந்தனக் கட்டை கடத்துகிறவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு, மறையூர் வரும் முன்பே இடம் மாறி அமர்ந்தார்.

கொசுவைக் கட்டிவைக்கும் வீடு

லயத்து வாசலில் பெண்கள் கூடி என்னை வரவேற்றார்கள். பால் சேர்க்காத கட்டன் சாயா வந்தது. அதில் புகையும் ஏலமும் மணத்தன. நான் தொண்டையைச் செருமி, நீர்நாயின் முதற்பத்தியை ஒத்திகையாக எடுத்துவிட்டேன்.

ராஜாத்தி அக்கா பாதியில் நிறுத்தினார். “இருங்க தம்பி. நீர்நாயா? அது எதுக்கு இங்க வருது?”

“ஏனுங்கக்கா, ஜலபிராணின்னு நோட்டீஸ்ல போட்டிருக்குதுங்களே?”

“ஆமா.”

“பிராணின்னா மிருகமில்லீங்களா?”

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். “அய்யோ தம்பி! மலையாளத்துல பிராணின்னா பூச்சி! ஈ, கொசு, வண்டு, அம்புட்டும் பிராணிதான். ஆத்துல இருக்க பூச்சி என்ன பூச்சின்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும். அதுக்குத்தான் கூட்டம்.”

பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது: “அப்பத் தம்பி வீட்டுல கொசுவுக்கும் சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிருப்பாகளோ?”

லயம் சிரித்து ஓய நேரம் பிடித்தது. செல்விகூடச் சிரித்தாள். போர்வைக்குள் சுருண்டு கிடந்த பெண் அன்று முதன்முதலாக எழுந்து உட்கார்ந்ததே அதைக் கேட்டுத்தான் என்றார் அக்கா. மருத்துவத் துறைக்கும் நான் சேவை செய்திருக்கிறேன் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

உரையை வீணாக்க எனக்கு மனமில்லை. நீர்நாய் வரும் இடமெல்லாம் பூச்சி என்று மாற்றிப் பார்த்தேன். ‘பூச்சி என்று பெயர் பெற்றும் குரைக்காத நாகரிகம்’ என்று வந்தது. அத்தோடு மாற்றத்தைக் கைவிட்டேன்.

கல்லுக்கு அடியில் குடியிருப்போர்

பூச்சிக்கும் குழாய்க்கும் என்ன தொடர்பு என்று அன்று பிற்பகலில்தான் விளங்கிற்று.

ஊராட்சியின் இயற்கைக் குழு ஆற்றுப் பூச்சிகளைக் கணக்கெடுக்கிறது. தூய நீரில் மட்டுமே வாழக்கூடிய பூச்சிகள் உண்டு. அழுக்கில் செழிக்கும் புழுக்களும் உண்டு. மீன்தொட்டிக்கு மேலே தூய நீர்ப் பூச்சிகள் இருந்து, கீழே அவை இல்லாமற்போனால், தொட்டி நீர்தான் காரணம் என்று குழு எழுதும். எழுதினால் தொட்டி நீரை ஆற்றில் விட முடியாது. குழாயின் வாய்க்கு விடுதலை. மாறாக, பூச்சி எதையும் நிறுவவில்லை என்று குழு திரும்பிவிட்டால், செல்வி அதே நீரைத்தான் குடிக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் அழகில் நான் மயங்கினேன். பாட்டில் ஒரு நாள் வந்து போகிற விருந்தாளி. பூச்சியோ அங்கேயே குடியிருக்கும் சாட்சி. முன்னறிவிப்புக் கிடைத்தாலும் அதை ஒளிக்க முடியாது. விருந்து வைத்தாலும் பிறழ்சாட்சி ஆகாது.

ஊராட்சி கொடுத்திருந்த படத்தாளோடு ஆற்றில் இறங்கினோம். கண்ணி அகன்ற கொசுவலைத் துண்டும், சாயா வடிகட்டியும், வெள்ளை பேசினும் கருவிகள். கல்லைப் புரட்டி அடிப்புறத்தை நீரில் அலசினால், ஒட்டிக்கிடந்தவை வலையில் வந்து விழும். நீர் எலும்பைத் தொட்டது. நான் புரட்டிய முதற்கல்லின்கீழ் இருந்த நண்டு, வாதத்துக்கு இடம் கொடுக்காமல் நேரே விரலுக்கு வந்தது.

“கையத் தூக்கிப் பேசுத பழக்கத்த இங்க விட்டுருங்க தம்பி,” என்றார் அக்கா. “கை தண்ணிக்குள்ள இருக்கட்டும். வாய் மட்டும் மேல இருந்தாப் போதும்.”

படத்தாளில் இரண்டு பூச்சிகள் முதன்மையாக இருந்தன. வால் மூன்று இருந்தால் மேஃப்ளை. வால் இரண்டு இருந்தால் ஸ்டோன்ஃப்ளை. இரண்டும் தூய நீரின் அடையாளங்கள். உடனே அவற்றுக்கு முவ்வாலி, இருவாலி என்று நற்றமிழ்ப் பெயர் சூட்டினேன்.

“மூணு வாலு, ரெண்டு வாலுன்னே சொல்லலாமே?”

“மேடைக்கு எடுபடாதுங்கக்கா.”

மேஃப்ளையின் வாழ்க்கை வரலாறு என்னை உருக்கியது. மாதக்கணக்கில் கல்லுக்கு அடியில் கிடந்து வளர்கிறது. ஒரு நாள் சிறகு முளைத்து மேலே எழுகிறது. அந்த மேல்வாழ்வில் அதற்கு உண்ண வாய்கூட இல்லை. ஓரிரு நாளில் முடிந்துபோகிறது. நெடுநாள் ஒத்திகை, ஒரே ஒரு மேடை! இதைவிட நெருங்கிய உறவினரை நான் உயிரினங்களில் கண்டதில்லை. வாய் இல்லாதது மட்டுமே வேறுபாடு.

இறகால் கட்டிய பூச்சி

மறுநாள் காலை, பனி விலகுமுன்னே குழு வந்துவிட்டது. விடுதியின் படித்த ஆளும் வந்தார். அவரைக் கண்டதும் திகைத்தேன். அவரும் திகைத்தார்.

“ஓய் பூபதி! நீயா? இங்க என்னத்துக்கு வந்தே?”

ஹரிஹரன். பாலக்காட்டு அக்கிரகாரத்துக்காரர். கல்லூரி விவாத மேடைகளில் எனக்கு எதிரணி. விலங்கியல் படித்தவர். இப்போது விடுதியில் இயற்கை வழிகாட்டி. ஆங்கிலத்தில் காட்டைக் காட்டுவது அவருடைய உத்தியோகம்.

“மக்களுக்காகப் பேச வந்திருக்கனுங்க,” என்றேன்.

“மக்களுக்கா, பூச்சிக்கா? தெரிஞ்சிண்டு பேசு, கேட்டியா. போன தடவை கோவில்ல மௌனத்துக்காகப் பேசி, கேட்டவாள்ளாம் தூங்கிட்டான்னு காதுல விழுந்தது.”

பழைய எதிரணிகள் சந்திக்கும்போது பரிமாறப்படும் அன்பு இவ்வாறானது.

அவர் இடுப்பில் ஒரு சிறு பெட்டி தொங்கியது. ஆற்றில் ட்ரவுட் பிடிக்க வரும் விருந்தினருக்கான தூண்டில் பூச்சிகள் அதில் இருந்தன. கோழியிறகையும் நூலையும் கொக்கியில் சுற்றிக் கட்டிய போலிப் பூச்சிகள். ஒவ்வொன்றுக்கும் பஞ்சு மெத்தை, தனி அறை, ஆங்கிலப் பெயர். ஆற்றுப் பூச்சி என்று நம்பி மீன் அதைக் கவ்வுமாம். உயிருள்ள பூச்சியைத் தொட்டிக் கழிவில் மூழ்கடித்துவிட்டு, இறகால் கட்டிய பூச்சியைப் பஞ்சில் படுக்கவைப்பதற்குப் பெயர்தான் இயற்கைச் சுற்றுலா.

வால் விவாதம்

இனி நாம் பாறைக்குத் திரும்பலாம். தொட்டிக்கு மேலே எடுத்த முதல் பேசின். ‘இரண்டு’ என்று நான் முழங்கியாயிற்று.

“எனவே இது இருவாலி! அதாவது ஸ்டோன்ஃப்ளை!” என்று தொடர்ந்தேன்.

“இல்லவே இல்லை,” என்றார் ஹரிஹரன்.

“வால் இரண்டா, இல்லையா?”

“ரெண்டுதான். ஆனாலும் இது மேஃப்ளை ஆக்கும்.”

“படத்தாளில் மேஃப்ளைக்கு வால் மூன்று!”

“படத்தாள் பாமரனுக்கு, ஓய். மேஃப்ளையிலும் ரெண்டு வாலுள்ள ஜாதி உண்டு. வாலைப் பார்க்காதே, வயித்தைப் பாரு. ரெண்டு பக்கமும் இலை இலையா ஆடறதே, அது செவுள். ஸ்டோன்ஃப்ளைக்கு அங்கே அப்படி இருக்காது.”

விவரமறிந்த ஒருவன் இந்த இடத்தில் ஒப்புக்கொண்டு, இரண்டுமே தூய நீர்ப் பூச்சிகள்தாமே என்று மேலே சென்றிருப்பான். ஆனால் எதிரணியின் ஒரு கூற்றை மறுக்காமல் விடுவது எங்கள் கலையில் தற்கொலைக்குச் சமம். மூன்றாவது வால் உண்டா, ஒடிந்ததா, ஒடிந்ததென்றால் எங்கே கிடக்கிறது, இல்லாத வாலுக்கு வயிறு எப்படிச் சான்றாகும் என்று சரமாரியாகத் தொடுத்தேன். அவர் செவுளைப் பிடித்துக்கொண்டார். நான் வாலைப் பிடித்துக்கொண்டேன். பூச்சி இருவரையும் விட்டுவிட்டு பேசினின் மூலைக்குப் போய்விட்டது. வெயில் ஏறியது. குழுவினர் பாறைகளில் உட்கார்ந்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிக் காலை ஆற்றில் விட்டுக்கொண்டு கண்ணயர்ந்தார்.

“தம்பி, வால விட்டுத் தொலைங்க!” என்றார் ராஜாத்தி அக்கா. “பேச வேண்டியது கொழாயப் பத்தி!”

“இருங்கக்கா, இன்னும் ஒரே ஒரு கருத்துத்தானுங்க.”

லீலாம்மா டீச்சர் எழுந்துவிட்டார். “மதி, மதி. சாட்சியோட பேரே தெரியாத ஆளு பேசறதை நான் எங்ஙன எழுதறது? இன்னிக்கு ஒண்ணும் நிர்ணயிக்கான் பற்றில்ல. நமக்குப் போகாம்.”

போதும், ஒன்றும் முடிவு செய்ய முடியாது, கிளம்பலாம் என்று பொருள். அக்காவின் முகம் சாயா ஆறிய கோப்பையைப் போலாயிற்று. ஹரிஹரன் வென்றுவிட்டார். விடுதியின் தொட்டி தப்பியது. அவர் அத்தோடு வாயை மூடிக்கொண்டு உடன் நடந்திருந்தால், இந்த அத்தியாயத்தையே நான் எழுதியிருக்க மாட்டேன்.

ஆனால் அவரும் மேடை கண்டவர். வென்றது போதாது, வென்றது விளங்கவும் வேண்டும்.

“டீச்சர், ஒரு நிமிஷம், கேட்டேளா. நான் சும்மா சொல்றேன்னு நினைச்சுக்கப்படாது.” பெட்டியைத் திறந்து ஓர் இறகுப் பூச்சியை எடுத்தார். “இந்தோ, இதே ஜாதியைப் பார்த்து நானே கட்டினது. வளர்ந்து பறக்கறச்சேயும் ரெண்டு வால்தான், எண்ணிக்கோங்கோ. கெஸ்டுக்கு நான் குடுக்கறது இதுதான். தொட்டிக்கு மேலே கூட்டிண்டு போய் இதைப் போட்டா, ட்ரவுட் வந்து அப்படியே கவ்வும்!”

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எண்ணினார். கணக்கு சரியாக இருந்தது. பிறகு கேட்டார்: “அது எந்தா எப்பவும் மேலே கொண்டு போறது? தாழெ, உங்க ரிசார்ட்டுக்கு நேரே ஆறு உண்டே. அங்க போட்டா மதியே.”

“தாழே போட்டா மீன் சீண்டாது டீச்சர். இந்தப் பூச்சி அங்கே ஒண்ணுகூடக் கிடையாதே, அதுக்கு எப்படி...”

ஹரிஹரன் நிறுத்தினார். அந்த வாக்கியத்தின் மறுபாதி ஆற்றில் விழுந்து போய்விட்டது.

அவரை அந்த இடத்துக்கு இழுத்துவரத்தான் அவ்வளவு நேரம் வாலைப் பிடித்துத் தொங்கினேன் என்று பின்னர் பல மேடைகளில் கூறியிருக்கிறேன். காற்றில் விழுந்த பழத்தைத் தான் பறித்ததாகச் சொல்வது மேடை மரபு. நான் மரபை மதிப்பவன்.

“மேலே உண்டு, தாழெ இல்ல,” என்றார் டீச்சர், கரும்பலகையில் எழுதுவதுபோல் நிறுத்தி நிறுத்தி. “நடுவில் உள்ளது எந்தா?”

நடுவில் இருந்தது தொட்டி.

டீச்சர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, வடிகட்டியை அக்காவின் கையிலிருந்து வாங்கி, தொட்டிக்குக் கீழே குழாயின் வாயருகே தாமே இறங்கினார். கல்லைப் புரட்டினார். வழுவழுவென்று சாம்பல்நிறக் கசடு எழுந்தது. பேசினில் விழுந்தவை நூல் போன்ற சிவப்புப் புழுக்கள் மட்டுமே. படத்தாளில் அவை அழுக்கு நீர் என்ற தலைப்பின்கீழ் இருந்தன. அந்தப் புழுவுக்கு எத்தனை வால் என்று கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

அக்கா பேசினைப் பார்த்தார். பிறகு, குழாயின் வாயைப் பார்த்தார். “இதத்தான் எம்புள்ள குடிச்சிருக்கா,” என்றார். அன்று அந்த ஆற்றங்கரையில் பேசப்பட்டவற்றுள் மேடையே தேவைப்படாத வாக்கியம் அது ஒன்றுதான்.

பூச்சியின் பெயரால்

குழாயின் வாயை மேலே மாற்றும் அதிகாரம் குழுவுக்கு இல்லை என்றார் டீச்சர். குழாய் வேறு துறை. பிள்ளைகளின் வயிறு இன்னொரு துறை. ஆனால் பூச்சி தம் துறை. பூச்சிக்குத் தீங்கான நீரை ஆற்றில் விடக்கூடாது என்று எழுதத் தம்மால் முடியும். எழுதினார். ஊராட்சியும் அதை வழிமொழிந்தது. விடுதிக்காரர்கள் தொட்டிநீரை ஆற்றிலிருந்து விலக்கி, கசடு படிய ஒரு குழி வெட்டி, கோரைப் புல் நட்ட ஒரு சதுப்பில் விட நேர்ந்தது.

லயத்துக்கு வந்த ஆணையில் ராஜாத்தி அக்காவின் பெயர் இல்லை. செல்வியின் பெயர் இல்லை. குழந்தை, குடிநீர், வயிறு ஆகிய சொற்களும் இல்லை. எழுத்துக்கூட்டி நான்தான் படித்துக் காட்டினேன். இம்முறை பொருளிலும் பிழை வரவில்லை.

“அப்ப பூச்சிக்கு நல்ல தண்ணி குடுக்கணும்னு எழுதிருக்காக,” என்றார் அக்கா.

“ஆமாங்கக்கா.”

“அது குடிச்ச மிச்சம் நமக்கு.”

“அப்படியும் வெச்சுக்கலாமுங்க.”

அக்கா ஆணையை வாங்கி மடித்தார். “இத்தன வருசமா மனுசனாப் போயிக் கேட்டோம் பாருங்க தம்பி, அதான் தப்பு.”

ஹரிஹரனுக்கு வேலை போய்விடும் என்று நான் உள்ளூர அஞ்சினேன். விடுதிகளை அறியாதவனின் அச்சம் அது. சில மாதங்களில் அங்கே ஒரு பலகை முளைத்தது: அரிய நீர்ப்பூச்சிகளின் உறைவிடம், வழிகாட்டியுடன் நடைப்பயணம். ஆற்றைக் காத்த பெருமை முழுவதும் நிர்வாகத்துக்கே என்று அதன்கீழ் எழுதியிருந்தது. வழிகாட்டி ஹரிஹரன்தான். ‘உன் பேரை எங்கேயும் போடலை, கோவிச்சுக்காதே’ என்று எனக்குச் செய்தி அனுப்பினார். கோபித்துக்கொள்ளவில்லை. இதோ, ஒரு வார இதழில் என் பெயரோடு நானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குடத்துக்குள்

அடுத்த மழைக்காலம் ஓய்ந்த ஒரு காலையில் அக்கா அழைத்தார். பின்னணியில் பல குரல்கள்.

“தம்பி, செல்வி கொழாய்ல புடிச்ச கொடத்துக்குள்ள ஒரு பூச்சி கெடக்கு. லயமே கூடி நிக்கிது. கொட்டவும் மனசில்ல, குடிக்கவும் பயமாருக்கு.”

“எப்படி இருக்குதுங்கக்கா?”

“பொடிப்பொடியா மணலு ஒட்டி, குழலு மாதிரி சட்டை போட்டிருக்கு. தலை மட்டும் வெளிய நீட்டுது.”

படத்தாளின் கடைசி வரிசையில் அது இருந்தது. நாங்கள் ஆற்றில் தேடிய நாள்களில் ஒன்றுகூடக் கிடைக்காத பூச்சி. காடிஸ்ஃப்ளையின் புழு. தன்னைச் சுற்றி மணலால் கூடு கட்டிக்கொண்டு வாழ்வது. தூய நீரில் குடியேறுவது. குழாயின் வாய்வரை அது வந்துவிட்டது என்றால், அங்கே தூய நீர் திரும்பிவிட்டது என்று பொருள்.

“செல்வி எப்படி இருக்குதுங்க?”

“அவளுக்கென்ன? பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுன்னு குதிச்சிட்டு நிக்கா. சொல்லுங்க தம்பி, இந்தத் தண்ணியக் குடிக்கலாமா?”

நீர், நிலம், நீதி, உவமை என்று வழக்கமாக முந்திக்கொண்டு வந்து நிற்பவை ஒன்றும் அன்று வரவில்லை.

“அதை ஆத்துல விட்டுட்டு, காய்ச்சிக் குடிங்கக்கா,” என்றேன்.

மறுமுனை உரையின் மிச்சத்துக்காகக் காத்திருந்தது. கடைசியில் அக்காவின் குரல் கவலையோடு வந்தது.

“அம்புட்டுத்தானா? என்ன தம்பி, மேலுக்குச் சொகமில்லையா?”